முழங்கைக் காயம்

புது வருஷத்தோடு கராத்தே வகுப்பில் சேர்ந்த மகளின் வெள்ளை உடுப்பில் வீசிய புதுத்துணிக் கஞ்சி மணம், சிறுவயதில் நானும் அண்ணையும் கராத்தே பழகிய எங்கள் ஊர் மண்கும்பான் பனங்காணிக்குள் என்னை இழுத்துப்போனது. இன்று அது வெறும் பற்றைக் காடு. அன்று உள்ளங்காலில் சுட்ட மணலும், நாங்கள் கத்தக் கலைந்த காகங்களும், வீடு திரும்பியதும் அம்மா எங்கள் முழங்கைகளில் அழுத்தித் தேய்த்த தேங்காயெண்ணெயும். அந்த யுத்த நாட்களில் முழங்கையில் தழும்பு இருந்தால், இயக்கத்தில் தவழ்ந்து பயிற்சி எடுத்தவன் என்று சோதனைச் சாவடியில் ஆமிக்காரர் பிடிப்பார்கள். அண்ணையை அப்படித்தான் பஸ்ஸிலிருந்து இறக்கினார்கள், அவர் திரும்பவில்லை.

“அப்பா, தோல் உரிஞ்சிட்டுது, பாருங்கோ! இனி என்னோடை ஒருத்தரும் சேட்டை விடேலாது!”

மகள் பெருமையாக நீட்டிய முழங்கையைச் சட்டைக்கையால் அவசரமாக மூடினேன். “ஒருத்தருக்கும் காட்டாதையம்மா.”

“நான் பிழை செய்தனானோ?”

இல்லையென்று நான் சொல்வதற்குள், மற்றக் கையையும் அவள் முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டாள்.