கூடினாலா, குறைந்தாலா?

ஸ்ரீவைகுண்டத்தில் அக்கா வீட்டு மாடியில் உட்கார்ந்துதான் கம்பெனி வேலை பார்க்கிறேன். அத்தானுக்கு ஆற்றங்கரையில் வாழை. போன வெள்ளம் அவருடைய மோட்டாரைக் கொண்டுபோய்விட்டது. இன்னொன்றும் போனால் வாழையையே விட்டுவிட வேண்டியதுதான் என்று சொல்லிக்கொண்டிருந்தார். எனக்குக் கேட்கவே கஷ்டமாக இருந்தது. நீர்மட்டம் காட்டும் கருவியைக் கரையில் மாட்டி, வெள்ளம் வரும்போது அவர் போன் அலறுகிற மாதிரி ஒரு புரோகிராம் எழுத உட்கார்ந்தேன்.

தோட்டத்துக் கிணற்றுக்கும் அதே புரோகிராம்தான். அதனால் எத்தனை அடி, அதைவிடக் கூடினாலா குறைந்தாலா என்பதை அத்தானே போனில் தொட்டுத் தேர்ந்தெடுக்கட்டும் என்று விட்டேன். நான் எழுதுகிற மொழி கறார்ப் பேர்வழி. எது எண், எது எழுத்து என்று ஓடுவதற்கு முன்பே சோதித்துவிடும். ‘கூடினால்’ என்பதற்குப் போனிலிருந்து வரும் ‘>’ அதற்கு வெறும் எழுத்து. அதை வைத்து எண்களை ஒப்பிட மாட்டேன் என்று அடம்பிடித்தது. கடைசியில் ஒவ்வொரு குறிக்கும் ஒரு குட்டிக் கணக்கு எழுதி, எந்தக் குறி வருகிறதோ அதற்குரியதை எடுத்து நீட்டினேன். எல்லாமே இரண்டு எண் வாங்கி ஆம், இல்லை சொல்பவை என்பதால் வாயை மூடிக்கொண்டு ஏற்றுக்கொண்டது. கணக்கையே ஒரு பொருளாகக் கையில் எடுத்துக் கொடுக்க முடிகிறதே என்று எனக்கு ஒரே குஷி.

கார்த்திகை மழையில் ஒரு காலை ஆற்றுச் சத்தம் வீடுவரை கேட்டது. போன் மூச்சு விடவில்லை. ஓடிப்போய்ப் பார்த்தால் மோட்டார் மேடைவரை தண்ணீர். அக்காவும் சேர்ந்து மூன்று பேரும் கயிறு போட்டு இழுத்து, எப்படியோ மேட்டில் ஏற்றினோம்.

அத்தான் போனை வாங்கிப் பார்த்தேன். ‘இரண்டடிக்குக் குறைந்தால்’ என்று இருந்தது.

“ஏன் அத்தான் இப்படி வச்சிய?”

“என்ன கேள்வி கேக்க? தண்ணி ஏறுனா அடி கொறையத்தான செய்யும்? கரையத் தொட ரெண்டடி இருக்கையிலயே அடிக்கட்டும்னு வச்சேன். நம்ம கெணத்துல அப்படித்தான பாக்கோம்?”

கிணற்றை மேலிருந்து தண்ணீர்வரை அளப்போம். ஆற்றில் என் கருவி அடித்தரையிலிருந்து மேலே அளக்கிறது. அங்கே தண்ணீர் எப்போதும் இரண்டடிக்கு மேல்தான், போன் எப்படி அடிக்கும்? அத்தனை கறாரான மொழி இதற்கு மட்டும் முணுமுணுக்கக்கூட இல்லை. அதற்கு இரண்டும் எண்தானே! பயம் போய், இதை எப்படி அதற்குப் புரியவைப்பது என்ற ஆசை பிடித்துக்கொண்டது.

மேலிருந்து அளப்பது ஒரு வகை, கீழிருந்து அளப்பது வேறு வகை என்று பிரித்தேன். கலந்துவிட்டால் இனி ஓடுவதற்கு முன்பே சோதிக்கிற கம்பைலரே தடுக்கும். திரையில் ‘தண்ணி ஏறினால்’, ‘தண்ணி இறங்கினால்’ மட்டும். ஆற்றுக்கும் கரையிலிருந்து எத்தனை அடி என்றே கேட்டேன். அளவை மாற்றுவதும் குறியைத் தேர்ந்தெடுப்பதும் புரோகிராமின் பாடு.

அடுத்த மழையில் போன் அலறியது. அத்தான் கால்கூட நனையாமல் மோட்டாரை மேட்டில் ஏற்றிவிட்டு வந்து, அக்காவிடம் பைய சொன்னார்:

“அடுத்த வாழைக்கும் கன்னு சொல்லி வச்சிருதேன்.”