வளப்பூர் நாட்டில் ஒரு பச்சைத் திரை

வைகாசி மாதம், புதன்கிழமை, காலை 6.10. நாமக்கல் பேருந்து நிலையத்தில் செம்மேடு பஸ் உறுமிக்கொண்டு நின்றது. மடியில் ஐஸ் பெட்டியுடன் நான் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் டாக்டர் பானு. பால்வினை நோய் மருத்துவர். ஏறிய கையோடு தூங்கிப்போனார். பின்சீட்டில் எங்கள் லேப் டெக்னீஷியன் சேகர். நான் ஆலோசகர். உடலுறவு வழியாகத் தொற்றும் நோய்களைப் பற்றி மனிதர்களிடம் பேசுவது என் பிழைப்பு. பதினாறு வருடமாகப் பேசுகிறேன். கேட்பவர்கள் பதினாறு வருடமாகத் தரையைப் பார்க்கிறார்கள்.

கண்டக்டர் பெட்டியைப் பார்த்தார். "ஏனுங்க, மீனுங்களா? நாறுச்சுன்னா பாதியில எறக்கி உட்டுருவேன்."

"மீன் இல்லீங்க. பால்வினை நோய்க்கு ரத்தம் பாக்கற கருவி. நாறாது" என்றேன், பின்சீட்டு வரைக்கும் கேட்கும்படி.

பஸ் அமைதியானது. கண்டக்டர் என் விரல் படாமல் டிக்கெட்டை நீட்டினார். இதே பெட்டியில் சர்க்கரைக்கு ரத்தம் பார்க்கிறோம் என்று சொல்லியிருந்தால், ஆளுக்கொரு கைவைத்தியம் சொல்லி என் காதைப் புண்ணாக்கியிருப்பார்கள். எனக்குச் சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது.

7.20. காரவள்ளி அடிவாரம். இனி எழுபது கொண்டை ஊசி வளைவுகள். நாங்கள் எதற்காக இந்த மலையேறுகிறோம் என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

இந்த மலையில் சில ஊர்கள் சேர்ந்ததை ஒரு நாடு என்பார்கள். அப்படி வளப்பூர் நாட்டில் ஒரு பெண். சத்யா என்று வைத்துக்கொள்வோம். இரண்டு குழந்தைகளை வயிற்றிலேயே பறிகொடுத்தவள். "வயித்து ராசி சரியில்லாதவ" என்று மாமியார் ஊர் முழுக்கச் சொல்லியாகிவிட்டது. மூன்றாவது முறை கர்ப்பமானபோது ரத்தத்தில் சிபிலிஸ் தெரிந்தது. பென்சிலினுக்கு அடங்குகிற பழைய நோய்தான். விட்டுவைத்தால் வயிற்றுப் பிள்ளையைத் தின்றுவிடும். போன வாரம் அவளுக்கு முதல் ஊசி போட்டோம். ஆனால் புருஷனும் போட்டுக்கொள்ளாவிட்டால் நோய் அவளிடமே திரும்பி வரும். புருஷன் குமரேசன் போர்வெல் லாரியில் ஊர் ஊராகப் போகிறவன். நான்கு நாள் லீவில் வந்திருந்தான். இந்தப் புதன்கிழமை மூன்றரை மணி பஸ்ஸில் கிளம்பினால் திரும்பி வர மாதங்கள் ஆகும்.

"அவருகிட்டச் சொல்லிப் போடாதீங்க. ஊட்டுல சேத்த மாட்டாங்க" என்று சத்யா என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் சொல்லாமல் நாங்கள் சொல்லக் கூடாது என்பதுதான் எங்கள் தொழிலின் முதல் பாடம். ஆகவே ஒரு வழி செய்தோம். அவள் ஊரில் கர்ப்பிணிகளுக்கும் அவர்களுடைய கணவர்களுக்கும் சேர்த்து ஒரு முகாம். பத்தோடு பதினொன்றாகக் குமரேசனும் வருவான் என்று கணக்குப் போட்டோம்.

8.45. செம்மேடு. அடிவாரத்தில் வியர்த்த உடம்பு இங்கே சேலைத் தலைப்பைத் தேடியது. டீ பன்னிரண்டு ரூபாய், மிளகு தட்டிப் போட்டது. அங்கிருந்து வாடகை ஜீப். மரவள்ளிக் காடுகளுக்கு நடுவே, குலுங்கிக் குலுங்கி முக்கால் மணி நேரம்.

9.45. சத்யாவின் ஊர். கோடை விடுமுறையில் பூட்டிக் கிடந்த பள்ளிக்கூடத்தைத் திறந்து கொடுத்தார்கள். வாசலில் சேகர் பேனரைக் கட்டி முடிப்பதற்குள் ஊர்க்கவுண்டர் வந்துவிட்டார். அதில் இருந்த 'பால்வினை நோய்' என்பதை எழுத்துக் கூட்டிப் படித்தார்.

"இந்த வார்த்தைய அழிச்சுப் போடுங்க. எங்க மலையில அந்த மாதிரி நோவெல்லாம் கெடையாதுங்க."

"கிருமிக்கு மலையும் தெரியாது, தரையும் தெரியாதுங்க" என்றேன்.

"நாளைக்கு எங்க புள்ளைங்களுக்குப் பொண்ணு குடுப்பாங்களா? அதச் சொல்லுங்க."

நான் வாயைத் திறப்பதற்குள் டாக்டர் பானு சமாதானத்துக்குப் போனார். பேனர் இறங்கியது. ரத்தப் பரிசோதனை மேசையைப் பின்னறைக்குக் கொண்டுபோய், அந்த அறை வாசலில் ஆஸ்பத்திரிப் பச்சைத் துணியைத் திரையாகக் கட்டினோம். மானம் காக்கிறோமாம். நானும்தான் ஒரு முனையைப் பிடித்துக் கட்டினேன். இத்தனை வருட அனுபவத்தில் இவ்வளவு மடத்தனமான முடிச்சு நான் போட்டதில்லை.

12.30. முன்னறையில் ரத்த அழுத்தம் பார்க்க நாற்பது பேர் வரிசை. பின்னறைக்கு ஒருத்தர் இல்லை. எப்படி வருவார்கள்? திரையை விலக்கிக்கொண்டு யார் உள்ளே போகிறார்கள் என்று பார்ப்பதற்கே வரிசையில் பாதிப் பேர் நின்றார்கள். குமரேசன் வந்தான், கையை நீட்டி அழுத்தம் பார்த்தான், வெளியே பலா மரத்தடியில் போய் உட்கார்ந்துகொண்டான். காலடியில் பயணப் பை தயாராக இருந்தது.

1.40. பெஞ்சில் மாமியாருடன் உட்கார்ந்திருந்த சத்யா எழுந்தாள். ஏழு மாத வயிறு. நேரே திரையிடம் வந்தாள்.

"மேடம், இந்தத் துணி எதுக்குங்க?"

"உங்க ரகசியம் பத்திரமா இருக்கத்தான் கண்ணு" என்றேன் மெதுவாக.

"ரகசியம் பத்திரமா இருக்கும். என் புள்ள இருக்குமுங்களா?"

அவள் துணியைப் பிடித்து இழுத்தாள். முடிச்சு அவிழாமல் ஆணியே பெயர்ந்து வந்தது. பிறகு மரத்தடியைப் பார்த்துத் திரும்பினாள். அந்தக் குரல் ஓங்கவும் இல்லை, நடுங்கவும் இல்லை.

"ஏனுங்க, எனக்கு ரத்தத்துல நோவு இருக்குது. சிபிலிஸ்னு பேரு. நான் ஊசி போட்டுக்கிட்டேன். நீங்களும் போட்டுக்கிட்டு பஸ் ஏறுங்க."

மாமியார் தலையில் அடித்துக்கொண்டார். "அய்யோ, மானத்தை வாங்கறாளே!"

"ரெண்டு புள்ளைய மண்ணுல வெச்சமே அத்தை, அப்ப இந்த மானம் எங்க போயிருந்துச்சு?"

ஊர்க்கவுண்டர் ஓரடி முன்னால் வந்து, அவள் வயிற்றைப் பார்த்துவிட்டுப் பின்வாங்கினார். சேகர் மேசையைத் தூக்கிக்கொண்டு முன்னறைக்கே வந்தான். சத்யாவுக்குப் பின்னால் நின்ற இன்னொரு கர்ப்பிணி, விரலை நீட்டினாள். கூடவே தன் புருஷனின் சட்டையைப் பிடித்து இழுத்துப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டாள்.

2.50. குமரேசன் மரத்தடியை விட்டு எழுந்து வர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. வந்தவனைத் தனியாக அழைத்துப்போய் டாக்டர் பானு பேசினார். அவன் ரத்தப் பரிசோதனையின் முடிவை இங்கே எழுத மாட்டேன். அது அவனுடையது. யாரிடமிருந்து யாருக்கு வந்தது என்ற பஞ்சாயத்தும் எங்கள் வேலையில் கிடையாது. முடிவு எதுவானாலும் துணைக்கும் ஊசி உண்டு. ஆனால் முதலில் முன்கையில் துளி மருந்து குத்தி, ஒவ்வாமை வருகிறதா என்று அரை மணி நேரம் பார்க்க வேண்டும். அதில் மட்டும் சலுகை இல்லை.

3.30. மிகச் சரியாக அன்றைக்கென்று பஸ் நேரத்துக்கு வந்தது. ஹாரன் அடித்தது. குமரேசன் பையைப் பார்த்தான், முன்கையில் மருந்து குத்திய இடத்துச் சின்னத் தடிப்பைப் பார்த்தான். சத்யா அவனைப் பார்க்கவே இல்லை. இரண்டாவது ஹாரன். அவன் கையைத் தொடைமேல் விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தே இருந்தான். பஸ் போய்விட்டது. எனக்குக் கண் நிறைந்துவிட்டது. அதை மறைக்கவும் இல்லை.

3.40. தடிப்பு பெரிதாகவில்லை, ஒவ்வாமை இல்லை. இரண்டு பக்க இடுப்பிலும் ஊசி. "போர்வெல் குழி தோண்டற மாதிரி இருக்குதுங்க" என்று பல்லைக் கடித்தான் குமரேசன்.

மாலை 5 மணி. திரும்புகிற பஸ்ஸுக்காக ரோட்டோரம் நின்றோம். நான் வேலை பார்க்கும் இடத்தில் எங்கள் பிரிவு கட்டடத்தின் கடைசி மூலையில், எக்ஸ்ரே அறைக்கும் பின்னால் இருக்கிறது. முகத்தை மூடிக்கொண்டு வருகிறார்கள், முகத்தை மூடிக்கொண்டு போகிறார்கள். அதைத்தான் இத்தனை நாளும் கௌரவம் என்று நினைத்திருந்தேன். ரகசியத்தைக் காப்பதை நான் விடப்போவதில்லை. ஆனால் அதைத் திறப்பதும் மூடுவதும் நோயாளியின் கையில்தான். நாங்களே திரையைத் தொங்கவிட்டு, இது வெட்கப்பட வேண்டிய நோய் என்று எழுதாமல் எழுதியிருந்தோம். இனி அந்தத் துணியைக் கட்ட என் கையைக் கூப்பிடாதீர்கள்.

பஸ் வளைவில் தெரிந்தபோது சத்யாவின் மாமியார் மூச்சிரைக்க வந்தார். திட்டத்தான் வருகிறார் என்று நிமிர்ந்து நின்றேன்.

"மேடம், மின்ன போன ரெண்டும் இந்த நோவாலதானுங்களா?"

"உறுதியாச் சொல்ல முடியாதுங்க. பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும்."

"அப்ப அவ ராசி இல்லீங்களா?"

"ராசின்னு ஒண்ணுமே இல்லீங்க."

அவர் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார். "நான் அவள என்னென்ன பேச்சுப் பேசிப் போட்டேன்..."

பஸ் வந்து நின்றது. படியில் ஒரு காலை வைத்துக்கொண்டு சொன்னேன்: "அத எங்கிட்டச் சொல்லாதீங்கம்மா. ஊர் முன்னால பேசினது. ஊர் முன்னாலயே போய்ச் சொல்லுங்க."

பெண்கள் இன்னும் கலையாமல் பள்ளிக்கூடத்தில்தான் இருந்தார்கள். மாமியார் வீட்டுப் பாதையைப் பார்த்தார், பள்ளிக்கூடத்தைப் பார்த்தார். பிறகு முந்தானையை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டு பள்ளிக்கூடத்தை நோக்கி நடந்தார்.