சால்வையில் தொங்கிய பெயர்

கைத்தறி விற்கிற வேலையில் விரிப்பது கால் பங்கு, மடிப்பது முக்கால் பங்கு. கவுண்டருக்குப் பின்னால் நின்று கால் வீங்கிய எல்லாருக்கும் இது தெரியும்.

பத்திரிகையா இது?

சின்னாளப்பட்டியில் பெண்களே நெய்து பெண்களே நடத்தும் சங்கம் எங்களுடையது. நியாய விலை கொடுத்து வாங்கும் வெளிநாட்டுக் கடைகளுக்கும் சரக்குப் போகிறது. ஒவ்வொரு துணியிலும் நெய்தவள் பெயர் எழுதிய சீட்டு தொங்கும். எழுதுவது நான், அந்தக் காலத்துக் கல்லூரித் தமிழுக்குக் கிடைத்த கடைசி உத்தியோகம். என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டவர்கள் எல்லாரும் போய்விட்டார்கள். அதனாலோ என்னவோ, பிறர் பெயரை நிறுத்தி நிதானமாகத்தான் எழுதுவேன்.

திண்டுக்கல்லிலிருந்து வந்த ஒருவர் புதுமனை புகுவிழாவுக்கு ஒரு சால்வை எடுத்தார். சீட்டைப் பார்த்ததும் முகம் சுருங்கிவிட்டது. "இதக் கழட்டிருங்கம்மா. நெய்ஞ்சவ பேரு எதுக்கு, இதென்ன கல்யாணப் பத்திரிகையா?"

ரெட்டைப் பிள்ளை

வத்தலக்குண்டுக்காரம்மா ஒருத்தர், மகளுக்கும் மருமகளுக்கும் ஒரே மாதிரி சேலை கேட்டார். பதினாறு சேலை விரித்தேன். கடைசியில் கிடைத்த இரண்டு பச்சையில் ஒன்று மட்டும் ஒரு சொட்டு வெளிறியிருந்தது. ஒரே தறி, ஒரே கை, சாயம் மட்டும் வேறு நாள் தோய்த்தது என்றேன். வெயிலில் கொண்டுபோய்ப் பிடித்துப் பார்த்துவிட்டு வந்தார். "அக்கா தங்கச்சி மாதிரில்ல இருக்கு. நான் கேட்டது ரெட்டப்பிள்ள."

சுமதின்னு போடுங்க

வெளிநாட்டுக் கடையிலிருந்து கடிதம் வந்தது: அடுத்த சால்வைகளில் பெயருக்குக் கீழே அதன் அர்த்தமும் வேண்டுமாம். செல்வி, மலர்க்கொடி எல்லாம் சுலபமாக முடிந்தன. கன்னிவாடிப் பக்கத்திலிருந்து இங்கே வாழ வந்து, தறி பழகி, எங்களில் யாரையும்விட நன்றாக நெய்கிறவள் ஒருத்தி. அவள் மட்டும் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "எனக்குச் சுமதின்னு போடுங்கக்கா."

அவள் பெயர் போதும்பொண்ணு. நாலாவதும் பெண்ணாகப் பிறந்ததால், இதோடு போதும் என்று வைத்த பெயர். பதிவேட்டில் உள்ள பெயரைத்தான் எழுத வேண்டும், இல்லாவிட்டால் அவள் சால்வைகளை வெளிநாட்டுக்கு அனுப்பும் கட்டோடு சேர்க்க முடியாது என்று சங்கத் தலைவி கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். ஒரு மாத நெசவு மேசை மேல் கிடந்தது. அவள் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "கெடக்கட்டும். ஊரு பூராம் போதும் போதும்னு கூப்பிட்டது பத்தாதா, கடலுக்கு அந்தாண்டயும் அர்த்தம் தெரிஞ்சு கூப்பிடணுமாக்கும்?"

அர்த்தம்

கட்டு அனுப்பும் முன்பே அந்தக் கடைக்காரப் பெண்மணி நேரில் வந்துவிட்டார். தறி தறியாக நின்று பெயரும் அர்த்தமும் கேட்டார். ஆங்கிலத்தில் சொன்னவள் நான். போதும்பொண்ணின் தறியும் வந்தது. போதும் என்றால் நிறைவு என்றும் கொள்ளலாமே என்று படித்த புத்தி வழி சொன்னது. "நிறைவானவள்" என்று பொருள் சொன்னேன். அந்தம்மா நெஞ்சில் கை வைத்துக்கொண்டார்.

தறிச் சத்தம் நின்றது. "அம்புட்டு நேரம் இழுத்து என்னக்கா சொன்னீக?"

சொன்னேன். போதும்பொண்ணு தறி நாடாவைக் கீழே வைத்தாள். பிறகு சிரிப்பு வந்துவிட்டது அவளுக்கு. "நல்லாத்தான் இருக்கு, ஆனா பொய்யி. உள்ள பேரையே எழுதி, உள்ளதையே சொல்லுங்க. அப்படியே இதையும் சொல்லுங்க: போதும்ங்கிற பேச்ச அந்தச் சாமியே கேக்கல. எனக்குப் பெறகு ரெண்டு தங்கச்சிக பொறந்தாளுக!"

துணி விரித்து மடித்த இத்தனை வருஷத்தில், சீட்டில் 'போதும்' என்று எழுதி அனுப்பி, கடையிலிருந்து 'இன்னும் வேண்டும்' என்று பதில் வந்தது அந்த ஒரு முறைதான்.