அருவிக்கு மூன்றாவது ஆள்

மழை விட்ட நாட்களில் எங்கள் உப்புத் தண்ணீர் ஏரியிலிருந்து மேற்கே பார்த்தால் ஆந்திரா பக்கத்து மலை நீலமாகத் தெரியும். அதற்குள்ளே ஓர் அருவி இருக்கிறது, கிட்டே போகிறவரை கண்ணில் படாது என்பார்கள். நானும் என் ஜோடியும் ஒரு நாள் அங்கே போய்வர வேண்டும் என்று வருஷக்கணக்காகப் பேசிக்கொண்டிருந்தோம். நாங்கள் இரண்டு பேர் மட்டும். மூன்றாவது ஆள் என்ற பேச்சே அதில் இல்லை.

ஜோடி என்றால் புருஷன் இல்லை. எங்கள் ஊரில் கையால் இறால் பிடிக்கும் பெண்கள் இரண்டிரண்டு பேராகத்தான் தண்ணீரில் இறங்குவோம். கழுத்தளவு தண்ணீரில் எதிரெதிரே குந்தி, சேற்றைத் தடவிக்கொண்டே ஒருத்தியை நோக்கி ஒருத்தி நகர வேண்டும். அவள் கைக்குத் தப்பியது என் கைக்கு வரும். பிடித்ததைப் போடுகிற பறியின் கயிறு பல்லில் இருக்கும், அதனால் பேச முடியாது. எல்லாம் கண் ஜாடைதான். கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்ததிலிருந்து எனக்கு ஜோடி அவள்தான்.

திருப்பாலைவனம் என்கிற ஊரிலிருந்து ஒருத்தி எங்கள் தெருவுக்குக் குடிவந்தாள். நாற்று நட்டுப் பழகியவள், ஏரியைப் பற்றி ஒன்றும் தெரியாது. நான் வராத நாளாகப் பார்த்து என் ஜோடி அவளைத் தண்ணீருக்கு அழைத்துப் போனாள். கேள்விப்பட்டதும் எனக்கு வயிறு பற்றி எரிந்தது. புதிதாக ஒருத்தியை எதிரே உட்கார வைத்தால் பழையவளைக் கழற்றிவிடுகிறாள் என்றுதான் எங்கள் தொழிலில் அர்த்தம். நேராகக் கேட்டுவிடலாம். ஆமாம் என்று சொல்லிவிட்டாள் என்றால்? அந்தப் பயத்தில் வாயை மூடிக்கொண்டு கிடந்தேன்.

ஐப்பசியில் வெள்ளத் தண்ணீர் வந்து ஏரியில் தொழில் இல்லாமல் இருந்தபோது, "நாளிக்கி அருவிக்குப் போலாமா மே?" என்று அவளே கேட்டாள். உச்சி குளிர்ந்துபோனது எனக்கு. காலையில் தலை நிறையப் பூ வைத்துக்கொண்டு போனால், மீன் ஏற்றுகிற குட்டி யானை வண்டியின் முன் சீட்டில் ஜோடியும் திருப்பாலைவனத்துக்காரியும் ஒட்டி உட்கார்ந்திருக்கிறார்கள். பின்னால் ஐஸ் பெட்டிகளுக்கு நடுவேதான் எனக்கு இடம். வழியெல்லாம் மீன் நாற்றத்தில் என் பூ வாடியதுதான் மிச்சம்.

காட்டுப் பாதையில் நடக்கும்போதும் அதே கதை. ஜோடியின் பையைத் திருப்பாலைவனத்துக்காரி சுமக்கிறாள். மேடு வந்தால் நின்று கையைக் கொடுக்கிறாள். நான் ஒருத்தி பின்னால் வருகிறேன் என்பதே யாருக்கும் நினைவில்லை.

ஓடையைக் கடக்கிற இடத்தில் கூத்து ஆரம்பித்தது. ஏரியில் நாங்கள் காலைத் தூக்கி வைக்க மாட்டோம். திருக்கை மீன் முள்ளோ கெளுத்தி முள்ளோ ஏறிவிடும் என்று தரையைத் தேய்த்துக்கொண்டேதான் நடப்போம். அந்தப் பழக்கத்தில் பாசிப் பாறையிலும் காலைத் தேய்த்தோம். முதலில் ஜோடி வழுக்கினாள். திருப்பாலைவனத்துக்காரி பாய்ந்து அவள் இடுப்பைப் பிடித்துக்கொண்டாள். அடுத்து நான். என்னைப் பிடிக்க ஆளில்லை, புடவையோடு ஓடையில் உட்கார்ந்தேன்.

"யக்கா, வரப்புல நடக்கற மாறி காலத் தூக்கி வெச்சி வாங்க."

"எனக்கு நடக்கத் தெரியும். நீ உன் வேலயப் பாரு."

ஒரு பெரிய பாறையைச் சுற்றித் திரும்பியதும் அருவி எதிரே நின்றது. உயரம் அதிகமில்லை. இரண்டு பாறைகளுக்கு நடுவே வெள்ளையாகக் கொட்டி, கீழே ஒரு மடுவாகத் தேங்கியிருந்தது. ஜோடி ஒரு கை அள்ளி நாக்கில் வைத்துப் பார்த்தாள். "உப்பே இல்ல மே!" என்று சிரித்தாள். கோபத்திலும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

நான் மடுவில் இறங்கினேன். அவள் இறங்கவில்லை. கரைப் பாறையில் உட்கார்ந்துகொண்டு திருப்பாலைவனத்துக்காரியிடம், "நீ எறங்கு. அவளுக்கு எதிர்ல குந்து" என்றாள்.

அதற்கு மேல் என்னால் பொறுக்க முடியவில்லை.

"என்ன வுட்டுட்டு இவளோட சேர்ந்துக்கறேன்னா நேரா சொல்லு. இன்னாத்துக்கு இந்த நாடகம்?"

"நான் யாரோடயும் சேரல" என்றாள் ஜோடி. "இனிமே என்னால தண்ணியில குந்த முடியாது மே. இடுப்பு போச்சு. உனுக்கு ஒரு ஜோடி வேணாமா? அதுக்குத்தான் இவளப் பழக்கறேன்."

நான் தண்ணீரிலேயே அவள் பாறைக்குக் கிட்டே நகர்ந்தேன்.

"எத்தினி நாளா வலி?"

"ரொம்ப நாளா."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சொல்லியிருந்தா என்ன எறங்க வுட்டிருப்பியா?"

இத்தனை வருஷம் அவள் எதிரே உட்கார்ந்திருக்கிறேன். அவள் முகத்தில் இருக்கிற ஒவ்வொரு மச்சமும் எனக்குத் தெரியும். இடுப்பு தண்ணீருக்குள்ளே இருந்தது.

"இவளுக்குத் தெரியுமா?"

"தெரியாமயா? தெனிக்கும் தைலம் தடவி வுடறதே அவதான்."

அழ வேண்டிய இடம் அது. எனக்கு வந்தது பொறாமைதான், முன்பைவிடப் பத்து மடங்கு. என் ஜோடியின் வலி எனக்கு முன்னால் இன்னொருத்திக்குத் தெரிந்திருக்கிறது.

ஓடையில் வழுக்கியதில் ஜோடிக்கு வலி கூடியிருக்க வேண்டும், முகத்தைச் சுளித்தாள். திருப்பாலைவனத்துக்காரி பையிலிருந்து ஒரு பாட்டிலை எடுத்து மூடியைத் திருகினாள். நான் சொட்டச் சொட்ட மேலே ஏறி வந்து, அதை அவள் கையிலிருந்து பிடுங்கினேன்.

"நவுறு" என்றேன். "நான் தடவறேன்."