தெற்குக் கோல் கம்பத்தடியில் எட்னா

கேல்டன் டவுன் கால்பந்து கிளப்பின் மைதானத்துக்கு முப்பத்தொரு வருஷம் புல் வளர்த்தவர் கிளிஃப் பிக்கப். சம்பளம் பேருக்குத்தான். மனைவி எட்னா செத்ததும் சாம்பலைத் தெற்குக் கோல் கம்பத்தடியில் புதைத்தார். அந்த ஊர் ரசிகர்களிடம் அப்படியொரு வழக்கம். எட்னா நாற்பது வருஷம் அந்தக் கம்பத்துக்குப் பின்னால் நின்றுதான் எதிரணி கோல்கீப்பரை வாய்க்கு வந்தபடி திட்டினாள். "எனக்கும் அங்கதான் குழி" என்று கிளிஃப் எல்லோரிடமும் சொல்லி வைத்திருந்தார்.

அப்புறம் வந்து சேர்ந்தான் ஸ்டாட், ஜன்னல் வியாபாரி, கிளப்பின் புதுத் தலைவன். காசை வாரி இறைத்தான். நாலே வருஷத்தில் கிளப்புக்கு லீக்கில் மூன்று படி ஏற்றம். முன்னூறு பேர் நின்ற இடத்தில் மூவாயிரம் பேர். அவன் பேரை வைத்துப் பாட்டே கட்டினார்கள். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது, கிளிஃபும் தொண்டை கிழியப் பாடினார்.

மைதானம் ரசிகர் சங்கத்தின் பேரில் இருந்தது. அதைத் தன் கம்பெனிக்கு எழுதிக் கொடுத்தால் புது கேலரி கட்டித் தருவதாக ஸ்டாட் சங்கக் கூட்டத்தில் சொன்னான். எட்னாவின் தம்பி நார்மன் கிளிஃபின் காதருகே குனிந்தான்.

"மச்சான், கையத் தூக்கிடாதீங்க. அக்கா அங்க படுத்திருக்கா."

"போடா பயந்தாங்கொள்ளி. அவரு நம்மாளு."

"கிளிஃப் அண்ணன் என்ன சொல்றாரு?" என்றான் ஸ்டாட் மேடையிலிருந்து. "புல்லுக்குச் சொந்தக்காரரு அவருதானே?"

கூட்டம் சிரித்தது. முதலில் எழுந்தது கிளிஃபின் வலது கை. அதைப் பார்த்துத்தான் மற்றவர்களும் தூக்கினார்கள்.

அடுத்த பருவத்தில் வரிசையாகப் பதினொரு தோல்வி. ஸ்டாட்டுக்கு அலுத்துவிட்டது. பாவி, மைதானத்தை வீடு கட்டுகிறவர்களுக்கு விற்றுவிட்டுக் கழன்றுகொண்டான். கிளப் கலைந்தது.

கிளிஃப் வாளியும் மண்வெட்டியுமாக வேலிக்கு வெளியே போய் நின்றார். மேஸ்திரி எட்டிப் பார்த்தான்.

"என்ன வேணும் பெரியவரே?"

"அந்தக் கோல் கம்பத்தடி மண்ணு ஒரு வாளி. என் வீட்டுக்காரி அதுல இருக்கா."

மேஸ்திரி தொப்பியைக் கழற்றினான். "மேல்மண்ண எல்லாம் போன வாரமே வழிச்சு எடுத்து வித்துட்டாங்கய்யா. யாரோ முப்பது வருஷம் பாத்துப் பாத்து வளத்த மண்ணாம், நல்ல கிராக்கி. ரெண்டு லாரி ஸ்டாட் சார் வீட்டுத் தோட்டத்துக்கே போச்சு."

"எந்த லாரில கோல் கம்பத்து மண்ணு?"

"அது யாருக்குத் தெரியும்?"

கிளிஃப் மண்வெட்டியைக் காலி வாளிக்குள் போட்டு இடது கையில் தூக்கிக்கொண்டு திரும்பி நடந்தார். வலது கையைக் கோட்டுப் பைக்குள் திணித்திருந்தார். வீடு வரும்வரை வெளியே எடுக்கவில்லை.