கோட்டையில் பெண் பார்த்த நாள்

என்னைப் பெண் பார்க்க ஒரு கோட்டையே தேவைப்பட்டது. சொன்னால் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். நான் ராஜகுமாரி இல்லை. மலாயாவில், மம்பா ஊருக்குத் தெற்கே ஒரு ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவள். அப்பா அங்கே ஆட்களை வேலை வாங்கும் மண்டோர்.

வெள்ளைக்காரன் காட்டுக்குள் இருந்த கம்யூனிஸ்டுகளோடு சண்டை போட்ட அவசரகாலம் அது. நாங்கள் குடியிருந்த லயங்களைச் சுற்றி முள்கம்பி. சாயங்காலம் கேட்டைப் பூட்டினால் காலையில்தான் திறப்பார்கள். வெளியாள் உள்ளே வர ஆயிரம் கேள்வி. என்னைப் பார்க்க வந்த ஒரு குடும்பத்தை வெயிலில் அரை நாள் நிறுத்திவைத்தார்கள். அவர்கள் அப்படியே திரும்பிப் போனதோடு சரி, பிறகு ஒருவரும் வரவில்லை. எனக்கு இருபது தாண்டிவிட்டது. என் வயதுப் பெண்கள் எல்லாரும் கல்யாணமாகிப் போய்விட்டார்கள். பேச்சுத்துணைக்கு ஆளில்லாமல் மரத்தோடு மரமாக நின்றேன்.

மம்பாவில் இருந்த தாய்மாமன்தான் வழி சொன்னார். சுவா ஊர்ப் பக்கம் ஒரு தோட்டத்தில் ஒரு மாப்பிள்ளை இருந்தார். அவர்களும் கம்பிக்குள்தான். இரண்டு குடும்பமும் மலாக்காவுக்குப் போய், போர்த்துக்கீசியர் கட்டிய கோட்டையில் பார்த்துக்கொள்வது என்று ஏற்பாடு.

"கோயில்ல பாத்தா ஊரே பேசும். கோட்டைய சுத்திப் பாக்கப் போனதா இருக்கட்டும்லா" என்றார் மாமா.

படங்கள் கைமாறின. சிரிப்பை அடக்கிக்கொண்ட முகம் மாப்பிள்ளைக்கு. எனக்குப் பிடித்திருந்தது. இதைச் சொல்ல இந்த வயதில் என்ன வெட்கம்?

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் அப்பா, அம்மா, தங்கை, நான் நால்வரும் கிளம்பினோம். கேட்டில் காவல்காரர் அம்மாவின் புளிச்சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்துப் பார்த்து வாங்கி வைத்துக்கொண்டார். சோறு வெளியே போனால் காட்டில் ஒளிந்திருப்பவர்களுக்குப் போய்விடுமாம். பசியோடுதான் பஸ் ஏறினோம்.

கோட்டை என்றதும் பெரிய மதிலையெல்லாம் கற்பனை செய்திருந்தேன். மலையடியில் ஒரே ஒரு வாசல்தான் மிச்சம் இருந்தது. அதைத் தாண்டிப் படிக்கட்டு ஏறியது. உச்சியில் கூரையில்லாத பழைய மாதாகோயில். வாசல் நிழலில் அப்பா துண்டை விரித்து உட்கார்ந்தார். இரண்டு பக்கத்தையும் சேர்த்துவைக்க வர வேண்டிய மாமா வரவில்லை. அவர் ஊரில் அன்று பார்த்துச் சோதனை, ஆளை வெளியே விடவில்லை என்று பிற்பாடு தெரிந்தது.

மேலே ஒரு குடும்பம் நிற்பதை அம்மாதான் முதலில் கண்டார். ஓர் அம்மாள், பெரியவர் ஒருவர், வெள்ளைச் சட்டையில் அவர். படத்தில் பார்த்த அதே முகம். அவர்களும் எங்களைப் பார்த்துவிட்டார்கள்.

"போய் ஒரு வார்த்தை கூப்பிடுங்களேன்" என்றார் அம்மா.

"நாமளே ஏறிப் போனா பொண்ண தலையில கட்டப் பாக்குறோம்னு நெனப்பாங்க. பொண்ணு பாக்க வர்றவங்க அவங்க. எறங்கி வரட்டும்."

மேலே இருந்தவர்களுக்கோ, பெண் வீட்டார் வந்து அழைக்காமல் இறங்கினால் மரியாதை இல்லை. வீடாக இருந்தால் யார் வரவேற்பது, யார் வருவது என்று எல்லாருக்கும் தெரியும். அந்தக் கோட்டையில் விருந்தாளி யார், வீட்டுக்காரர் யார்? கட்டியவர்கள் எப்போதோ போய்விட்டார்கள்.

மத்தியானம் முழுக்க அப்படியே இருந்தோம். தலையில் வைத்த மல்லிகை வதங்கியது. நான் தலையைக் குனியாமல் மேலேயே பார்த்தேன். அவரும் பார்த்தார். ஒருமுறை அவர் மளமளவென்று பாதிப்படி வரை இறங்கிவிட்டார். நான் எழுந்துவிட்டேன். அவருடைய அம்மா மேலிருந்து கூப்பிட்டார். அவர் நின்றார், என்னை ஒரு தரம் பார்த்தார், திரும்பி ஏறிப் போனார். அம்மா என் முந்தானையைப் பிடித்து உட்கார வைத்தார்.

கேட் பூட்டுமுன் திரும்ப வேண்டும். அப்பா துண்டை உதறித் தோளில் போட்டார். பஸ்ஸில் எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. அந்தப் படியில் நானாவது ஏறியிருக்கலாம். ஏறியிருந்தால் அப்பா என்னைக் கொன்றே போட்டிருப்பார், அது வேறு விஷயம்.

மாமா சமாதானம் பேசிப் பார்த்தார். "வந்து கூப்பிடல" என்றார்கள் அவர்கள். "எறங்கி வரல" என்றார் அப்பா. பேச்சு அதோடு முறிந்தது. வேறு இடம் எதுவும் அமையவில்லை. வருஷங்கள் போயின. அவருக்குக் கல்யாணமாகிவிட்டதாக மாமா வேறு யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்ததை நான் கேட்டுக்கொண்டு நின்றேன்.

கம்பியைப் பிரித்த பிறகு எங்கள் வீட்டுக்குப் பெண் பார்க்க வந்தார்கள், தங்கையை. அப்பா ரோடு வரைக்கும் போய்க் கும்பிட்டு, கையைப் பிடிக்காத குறையாக அழைத்து வந்தார். அவருக்கும் வயதாகி, வீம்பு தளர்ந்திருந்தது. நான் காப்பி கலந்து டம்ளர்களைத் தட்டில் அடுக்கினேன். அம்மா தட்டைத் தங்கையிடம் கொடுத்துவிட்டு என் பக்கம் வந்தார்.

"நீ வெளிய வராதம்மா. மூத்தவ ஏன் இன்னும் இருக்கான்னு கேப்பாங்க."

நான் அடுப்படிக் கதவைச் சாத்திக்கொண்டேன்.