ராமலட்சுமி தொடாத நாலு கட்டைகள்

கோவில்பட்டி தாண்டிப் புதூர் வரை நான் போன காரணத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: பொறாமை. மதுரையில் நான் பியானோ சொல்லிக்கொடுக்கிறேன், பழுதும் பார்ப்பேன். போன மாதம் மாணவி ஒருத்தி ஒரு இசைத் துண்டு வாசித்தாள். இதோ வரப்போகிறது என்று காது காத்திருக்கிற சுரத்தைத் தொடாமலே தாண்டிப் போகிற இசை. யார் எழுதியது என்றேன். "ராமலட்சுமின்னு ஒருத்தங்க சார், அவங்க பொண்ணு நெட்ல போட்டிருக்காங்க." எனக்கு வயிறு பற்றி எரிந்தது.

ராமலட்சுமியும் நானும் ஒரே டீச்சரிடம் படித்தவர்கள். அவளைப் புதூர் பக்கம் ஒரு வத்தல் வியாபாரிக்குக் கட்டிக்கொடுத்தார்கள். பியானோவும் லாரியில் கூடவே போனது. ஆறு வருடம் முன்பு போன் செய்தாள். "நடுவுல நாலு கட்டை சத்தமே வரல, வந்து பாரேன்." அடுத்த மாதம் வருகிறேன் என்றேன். பிறகும் கூப்பிட்டாள், பிறகும் அதையே சொன்னேன். வேலையெல்லாம் ஒன்றுமில்லை. நல்ல பியானோ கையில் இருந்தால் என்னைத் தாண்டிவிடுவாள், அவ்வளவுதான். ஒரு கச்சேரி நோட்டீஸில்கூடப் பெயர் வராமலே போன வருடம் செத்துப்போனாள். அவள் எழுதியதில் ஏதாவது ஒரு குறை கண்ணில் படாதா என்றுதான் இப்போது கிளம்பினேன்.

சனிக்கிழமை காலை 6.10க்கு மதுரையில் பஸ் ஏறி 8.20க்குக் கோவில்பட்டியில் இறங்கினேன், 110 ரூபாய். அங்கிருந்து புதூருக்கு 45 ரூபாய், ஒன்றேகால் மணி நேரம். பிறகு நாலு கிலோமீட்டர் ஆட்டோ, 120 ரூபாய். பியானோ வீடு என்றதும் டிரைவர், "வத்தக்கடை அண்ணாச்சி வீடா? அந்தக்கா வாசிச்சா வண்டிய ஓரங்கட்டிட்டுல்லா கேப்போம்" என்றார். இவருமா! எனக்கு எந்த ஆட்டோ நின்றது?

நான் யார் என்று சொன்னதும் அவள் கணவர் பரமசிவம் அண்ணாச்சி பியானோவைத் திறந்துவிட்டார். நடுவில் அந்த நாலு கட்டையும் ஊமையாகவே கிடந்தன. பியானோ மேல் இருந்த அவள் இசை நோட்டைப் புரட்டினேன். மொத்தம் இருபத்து மூன்று துண்டுகள், ஒன்றில்கூட அந்த நாலு சுரம் இல்லை. அட, இவ்வளவுதானா இவள் வித்தை என்று ஒரு நிமிடம் குளிர்ந்துபோனேன்.

அண்ணாச்சி காபியோடு வந்தார். "அவ சொல்லுவா, 'அவன் வந்து சரிபண்ணிருந்தா நானும் எல்லாரு மாதிரிதான் எழுதிருப்பேன். என்னைக்காவது வந்தாம்னா நல்ல காபியா குடுக்கணும்'னு. குடிங்க சார்."

குடித்தேன். என் வீட்டில் எண்பத்தெட்டு கட்டையும் பேசுகிற பியானோ இருக்கிறது. அதில் நான் எழுதியதை என் மனைவிகூட முழுதாகக் கேட்டதில்லை.

போகிறவர்களுக்கு: மழை பெய்த மறுநாள் ஷூ போடாதீர்கள், கரிசல் மண் அப்பிக்கொண்டு காலைத் தூக்க விடாது. திரும்ப மதியம் 2.30க்குப் புதூரில் பஸ் இருக்கிறது. பியானோவை யார் வேண்டுமானாலும் வாசிக்கலாம், அண்ணாச்சி சந்தோஷப்படுவார். அந்த நாலு கட்டையைச் சரிசெய்து தரட்டுமா என்று மட்டும் கேட்காதீர்கள்.

நான் கேட்டேன்.

"இப்பமா?" என்றார்.